ஈயத்துக்கு இடது காது

வேதியியல் ஆசிரியர்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள் என்பது ஒரு நாள் கல்வித் துறைக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். எங்களில் யாரும் சொல்லவில்லை. ஆனால் சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. மாறிவரும் கல்விச் சூழலில் திகைத்து நிற்கும் வேதியியல் ஆசிரியர்களைக் கைதூக்கிவிடத் தகவமைப்புப் பயிற்சி. ஐந்து நாள். மதிய உணவு உண்டு.

அன்றைக்கு நான் திகைத்து நிற்கவில்லை. செம்மாம்பாளையம் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு பென்சீன் வளையம் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். இருந்தாலும் துறையே கைதூக்கிவிட வரும்போது, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்வது மரியாதையாக இருக்காது. ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளைக்கூட எடுத்திருக்கவில்லை. அதில் ஒன்றில்தான் எங்களைக் கைதூக்கிவிடப் போகிறவர் உட்கார்ந்திருந்தார்.

பெயர் ரோஷன். இருபத்தாறு வயதிருக்கும். பள்ளிகளுக்கு வரப்போகும் ஒரு புதுக் கருவியைச் செய்த நிறுவனத்தின் ஆள், சென்னையிலிருந்து வந்திருந்தார். எங்களுக்கு ஆளுக்கொரு கண்ணாடியும் ஒரு ஜோடிக் கையுறையும் கொடுத்தார். கண்ணாடியை மாட்டினால் எதிரே ஓர் ஆய்வகம் தெரிந்தது. எங்கள் ஊர் ஆய்வகம் மாதிரி இல்லை, குழாயில் தண்ணீர் வந்தது. சோதனைக்குழாயைச் சுடரில் காட்டினால் கையுறை சூடானது. மூக்கருகே இருந்த சிறு துளையிலிருந்து நாற்றம் வந்தது.

"அழுகின முட்டை ஸ்மெல்கூட வரும் மேம். நாலு வருஷம் ஆச்சு அதைக் கொண்டுவர," என்றார் ரோஷன் பெருமையாக.

எங்கள் ஆய்வகத்தில் அது சும்மாவே வரும்.

இனிமேல் பள்ளிகளில் அமிலம் கிடையாது, காஸ் கிடையாது, உடைய ஒரு கண்ணாடிச் சாமான் கிடையாது. எல்லாம் இந்தக் கண்ணாடிக்குள். ஒரு பிள்ளைக்கும் கை சுடாது. நல்ல விஷயம்தானே என்று நானும் தலையாட்டினேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"உள்ள யாருங்க நடத்துவாங்க?"

"உள்ளயே ஒரு டீச்சர் நிப்பாங்க மேம். அவங்களே எல்லாம் சொல்லித் தந்துடுவாங்க."

"அப்ப நாங்க?"

"நீங்க வழிநடத்துவீங்க."

"அப்படின்னா?"

"கண்ணாடியெல்லாம் சார்ஜ்ல இருக்கான்னு பாத்துப்பீங்க மேம்."

மண்டபத்தில் இருநூறு வேதியியல் ஆசிரியர்கள் இருந்தோம். பரிமாறும் இடத்திலிருந்து தக்காளி சாதத்தின் வாசனை வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"அந்த டீச்சரை எப்பிடிங்க செய்வீங்க?" என்று கேட்டேன்.

"செய்ய மாட்டோம் மேம், அதுவே கத்துக்கும். யாரோட கிளாஸ்ல பசங்க அதிகமா கரெக்டா சொல்றாங்களோ, அவங்க கிளாஸை மெஷின் பாக்கும். அவங்க என்ன பேசறாங்க, எங்க நிக்கறாங்க, கை எங்க போகுது, எல்லாத்தையும். எதுக்கு அப்புறம் பசங்க கரெக்ட் ஆன்சர் சொல்றாங்களோ, அதையெல்லாம் எடுத்துக்கும்."

"ஏன் கரெக்டா சொல்றாங்கன்னு பாக்காதுங்களா?"

ரோஷன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அது எதுக்கு மேம்?" என்றார்.

மாவட்டத்திலேயே செய்முறைத் தேர்வில் அதிகமாகக் கரெக்டாகச் சொல்கிற பிள்ளைகள் யாருடையவர்கள் என்று பட்டியலைப் பார்த்தார்கள். செம்மாம்பாளையம். பூங்கோதை டீச்சர். இருபத்திரண்டு வருடமாக நூற்றுக்கு நூறு. அதாவது நான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கைகளை மடிக்குள் மறைத்துக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே கொண்டுபோக முடியாது.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொட்டலத்தில் ஓர் உப்பு கொடுப்போம். அது என்ன உப்பு என்று பிள்ளை சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கரைத்து, காய்ச்சி, சொட்டு விட்டு, நிறம் பார்த்து. வெளிப்பள்ளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து உட்கார்ந்திருப்பார். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவர் பள்ளிக்கு நாம் போகும்போது நாமும் பேப்பர் படிப்போம். இது எழுதாத ஒப்பந்தம்.

எங்கள் பள்ளிக்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் ரசாயனம் ஏப்ரலில் வரும். தேர்வு பிப்ரவரியில். வருவதும் அடுத்த தேர்வுக்குப் பொட்டலம் கட்டத்தான் காணும். வருடம் முழுக்க ஒரு பிள்ளைகூடச் சோதனைக்குழாயைத் தொட்டிருக்காது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். பிள்ளை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும். ஈயம் என்றால் நான் இடது காதைத் தொடுவேன். அம்மோனியம் என்றால் மூக்கு. கால்சியம் என்றால் பல். துத்தநாகம் என்றால் மோதிரத்தைத் திருகுவேன். கார்பனேட் என்றால் பின்னால் ஆய்வக உதவியாளர் நாச்சிமுத்து இருமுவார். எங்கள் பள்ளியின் நூற்றுக்கு நூறு இப்படி வந்தது. மற்றப் பள்ளிகளில் எப்படி வந்தது என்று நான் யாரையும் கேட்டதில்லை. அதுவும் மரியாதையாக இருக்காது.

மெஷின் என் வகுப்பைப் பார்த்துப் பதிவு செய்வதற்காகத் துறை ஒரு மாதத்துக்கு வேண்டிய ரசாயனம் அத்தனையும் வாங்கிக் கொடுத்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக எங்கள் அலமாரி நிறைந்தது, ஆய்வகத்தையே மூடுவதற்கு முன்னால். சுவரெல்லாம் கேமரா. என் கையில், கழுத்தில், நெற்றியில் அசைவைக் குறித்துக்கொள்ளும் சின்னச் சின்ன வில்லைகள். நாச்சிமுத்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங் டீச்சர், நான் இருமோணுங்களா, வேண்டாங்களா?"

"வாயை மூடிட்டு நில்லுங்க. நானும் கையைக் கட்டிட்டுத்தான் நிக்கப் போறேன்."

"அப்ப இதுககிட்ட உண்மையாவே பாடம் நடத்தப் போறீங்களா?" நாச்சிமுத்துவுக்கு நிஜமான கவலை.

நடத்தினேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும். முதல் வாரம் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, வேறு வழியில்லாமல் குனிந்து சோதனைக்குழாயைப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் நாற்பத்து நான்கு. முன்வரிசையில் தன்ஷிகா என்று ஒரு பெண், எப்போதும் பயந்த முகம். அவள் திடீரென்று கத்தினாள்.

"டீச்சர்! சுடவெச்சா கரைஞ்சு போகுதுங்க, ஆறுனா திரும்ப வருதுங்க! தங்கப்பொடியாட்ட மினுமினுங்குதுங்க டீச்சர்!"

அது ஈயம். அவளுக்கு அது ஈயம் என்று இன்னும் தெரியாது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இருபத்திரண்டு வருடம் காதைத் தொட்டோம் என்று.

அன்று மாலை ரோஷன் ஒரு வரைபடத்துடன் வந்தார்.

"மேம், நீங்க நேச்சுரலா இல்ல. உங்க ரெக்கார்டு நூறு. இங்க நாப்பத்து நாலு வருது. இப்படியே போனா நாங்க வேற ஸ்கூல் பாக்கணும். அந்த இருபத்திரண்டு வருஷ மார்க் எப்படி வந்துச்சுன்னு மேலேயும் கேப்பாங்க."

அவர் மிரட்டவில்லை. பையனுக்கு மிரட்டத் தெரியாது. எனக்குத்தான் வியர்த்தது. வேலை போகுமென்று பயமில்லை. அறிவிப்புப் பலகையில் வருடா வருடம் எழுதிப்போட்ட நூற்றுக்கு நூறு, சுதந்திர தின விழாவில் கொடுத்த சால்வைகள், என்னை வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்லும் பெற்றோர்கள். மானம் என்று சொல்வார்களே, அது எனக்கு அந்தக் காதுத் தோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் தன்ஷிகா மறுபடியும் அதே உப்பை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். உதடு முணுமுணுத்தது. கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரே ஒரு சந்தேகத்துக்காக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என் இடது காதைத் தொட்டேன்.

"ஈயம்!" என்றாள். முகமெல்லாம் நிம்மதி. சோதனைக்குழாயைக் கழுவ வைத்துவிட்டாள். அது ஆறி மினுங்குவதற்கு முன்பே.

பின்னால் நாச்சிமுத்து, இரண்டு வாரம் அடக்கி வைத்திருந்த இருமலை எல்லாம் இருமித் தீர்த்தார்.

அடுத்த ஜூனில் கருவி ஆறாயிரம் பள்ளிகளுக்குப் போனது. கண்ணாடிக்குள் நின்ற டீச்சர் நான்தான், பத்து வயது குறைத்து, நரையை எடுத்துவிட்டு. பெயர் 'கோதை அக்கா'. அவள் அழகாகப் பேசினாள். நிறம் பார், நாற்றம் பார், நன்றாக யோசி என்றாள். பிறகு இடது காதைத் தொட்டாள். கார்பனேட் வந்தால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் எங்கிருந்தோ இருமினார்.

"என்ற இருமல் கன்னியாகுமரி வரைக்கும் போகுதுங்க டீச்சர்," என்றார் நாச்சிமுத்து. புகைப்பதை விட்டுவிடச் சொல்லிப் பத்து வருடமாக அவர் வீட்டில் போராடிக்கொண்டிருந்தார்கள். இனி அது நடக்காது என்று தெரிந்தது.

மாநிலமே நூற்றுக்கு நூறு வாங்கியது. இதை விளக்காமல் விடலாமா? ரோஷனின் நிறுவனம் ஆராய்ந்தது. இடது காதைத் தொட்ட அடுத்த ஐந்து வினாடிக்குள் சரியான விடை வருகிறது, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு முறை. இது உலகத்தில் யாரும் கண்டறியாத கற்பித்தல் முறை என்று முடிவு செய்து அதற்கு 'தொடு-தூண்டல் கற்பித்தல்' என்று பெயரும் வைத்தார்கள். அடுத்த தகவமைப்புப் பயிற்சி அதற்காகத்தான். அதே கல்யாண மண்டபம், அதே சிவப்பு நாற்காலி. இருநூறு ஆசிரியர்கள் வரிசையாக நின்று, ரோஷன் சொல்லச் சொல்ல இடது காதைத் தொட்டோம், மூக்கைத் தொட்டோம், பல்லைக் காட்டினோம்.

மண்டபத்தில் ஒரு சிரிப்பு இல்லை. இருநூறு பேருக்கும் அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் மட்டும் கை தூக்கினார்.

"ஏனுங் தம்பி, எங்க ஸ்கூல்ல ஈயத்துக்கு மீசைங்க. பழகிப்போச்சு. மாத்தித்தான் ஆகோணுங்களா?"

"எல்லா ஸ்கூலும் ஒரே மாதிரி இருக்கணும் சார்," என்றார் ரோஷன் கனிவாக. வாத்தியார் தலையாட்டிக்கொண்டே காதைத் தொட்டுப் பார்த்தார், புதிதாக முளைத்தது மாதிரி.

எனக்கு மாநில விருது கொடுத்தார்கள். அத்துடன் வேலையும் கொடுத்தார்கள். கண்ணாடிகளைச் சார்ஜில் போடும் வேலை.

ஆறு வருடம் ஓடியது. ஏழாவது வருடம் எங்கள் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது. சும்மா சும்மா வலி. ஓடி விளையாடும் பிள்ளைகள் மரத்தடியில் சுருண்டு படுத்தன. நேற்றுப் படித்தது இன்று மறந்தது. முகாமுக்கு வந்த டாக்டரம்மா இரத்தம் எடுத்து அனுப்பினார். இரத்தத்தில் ஈயம்.

ஈயம் எங்கிருந்து வரும்? எங்கள் ஊரில் அதற்கு விடை சமையலறையில் இருக்கிறது. மஞ்சள் தூளுக்கு நல்ல நிறம் வரவேண்டும் என்று ஈயம் கலந்த சாயத்தைச் சேர்க்கும் புண்ணியவான்கள் எப்போதும் உண்டு. அதைப் பிடிக்கத்தான் மஞ்சள் மண்டியில் ஒரு சோதனைக்கூடம் வைத்திருக்கிறார்கள். சத்துணவுக் கூடத்துக்கு வந்த மஞ்சளின் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஈயம் இல்லை என்று போட்டிருந்தது. கீழே கையெழுத்து: தன்ஷிகா, பி.எஸ்ஸி. வேதியியல்.

நாச்சிமுத்துவையும் கூட்டிக்கொண்டு மறுநாளே மண்டிக்குப் போனேன்.

தன்ஷிகா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "டீச்சர்! நேர்ல பாத்து எத்தன நாளாச்சுங்க! காலேஜ்லகூட நீங்கதானுங்க எனக்கு எடுத்தீங்க, கண்ணாடில." நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மேசைமேல் ஈயம் அளக்கும் பெரிய கருவி ஒன்று உறை போட்டு நின்றது. பழுது பார்க்க ஆள் வருவதாகச் சொல்லி மூன்று வருடமாகிறதாம். அதனால் கையால்தான் செய்கிறாள். தூளை எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து வடிகட்டினால் தண்ணீர் மாதிரி தெளிவாக வரும். அதில் பொட்டாசியம் அயோடைடு நாலு சொட்டு. ஈயம் இருந்தால் பளீரென்று எலுமிச்சை நிறத்தில் வீழ்படிவு இறங்கும். ஆறாயிரம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம்.

அப்போது ஒரு வியாபாரியின் சரக்கு வந்திருந்தது. வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, தங்கச் சங்கிலி. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் எதிரே நின்றார். தன்ஷிகா எல்லாவற்றையும் அழகாகச் செய்தாள். கை நடுங்கவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. நான்காவது சொட்டில் குழாய்க்குள் எலுமிச்சை நிறம் கொட்டியது.

அவள் அதைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து வியாபாரியின் முகத்தைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வினாடி. வியாபாரி கோயில் சிலை மாதிரி நின்றார். அவள் குனிந்து எழுதினாள். ஈயம் இல்லை.

வியாபாரி காகிதத்தை வாங்கிக்கொண்டு போன பிறகும் நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாச்சிமுத்துதான் கேட்டார்.

"ஏம்மிணி, அந்தக் குழாய்க்குள்ள என்ன இருக்குது?"

"கலர் வந்திருக்குதுங்க. எல்லாச் சரக்குக்கும் வர்றதுதானுங்க."

"எப்ப இருந்து?" என்றேன்.

"நான் வேலைக்குச் சேந்ததுல இருந்துங்க டீச்சர்."

"அப்ப ஏங் கண்ணு இல்லைன்னு எழுதுனே?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "யாரும் காதைத் தொடலீங்களே டீச்சர்," என்றாள்.

அவள் லஞ்சம் வாங்கவில்லை. பொய் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள். மண்டியில் சரக்குப் போடுகிறவர்கள்தான் அதை முதல் மாதமே புரிந்துகொண்டிருக்கிறார்கள். இந்தப் பெண் முன்னால் காதில் கை வைக்காமல் நின்றால் போதும்.

"கண்ணு, அது பாடமில்ல. நான் சொல்லிக்குடுத்த திருட்டுத்தனம். பரீட்சையில உங்களைப் பாஸ் பண்ண வெக்கறதுக்கு. விடை குழாய்க்குள்ளதான் இருக்குது, என்ற மூஞ்சில இல்ல," என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "அப்ப நான் வாங்குன நூத்துக்கு நூறுங்க?" என்று கேட்டாள்.

அன்றே துறைக்கு எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தையும் ஒன்று விடாமல். காது, மூக்கு, பல், மோதிரம், நாச்சிமுத்துவின் இருமல். கோதை அக்காவை நிறுத்துங்கள், அவள் பிள்ளைகளைக் குருடாக்குகிறாள், மஞ்சளில் ஈயம் இருக்கிறது, பிள்ளைகள் தினமும் அதைத் தின்கிறார்கள். என் மானம் போனால் போகட்டும் என்றும் ஒரு வரி எழுதி, பிறகு அதை அடித்துவிட்டேன். துறைக்கு அது சம்பந்தமில்லாத விஷயம்.

துறை வேகமாகச் செயல்பட்டது. இரண்டே மாதத்தில் ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். மூன்று பேர் கோதை அக்காவிடம் படித்து வந்த இளைய அதிகாரிகள். இரண்டு பேர் அந்தக் கல்யாண மண்டபத்தில் என்னோடு காதைத் தொட்டவர்கள். அதில் ஒருவர் கோபிச்செட்டிபாளையத்து வாத்தியார். மீசையை எடுத்திருந்தார்.

"மஞ்சளில் ஈயம் இருப்பதை எங்கள் முன்னால் நிரூபியுங்கள்," என்றார்கள்.

நிரூபித்தேன். சத்துணவுக் கூடத்து மஞ்சள், என் கையால் எரித்தது. நான்கு சொட்டு விட்டேன். எலுமிச்சை நிறம் கொட்டியது. குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். சுடவைத்தேன், கரைந்தது. ஆறவைத்தேன். தங்கப்பொடி மாதிரி மினுமினுத்துக்கொண்டு இறங்கியது. ஒரு குருடருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேனாக்கள் காகிதத்தின்மேல் தயாராக நின்றன. யாரும் குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. நான் கைகளை மேசைமேல் ஊன்றிக்கொண்டேன். தொட்டால், நான் எழுதிய கடிதமே பொய்யாகிவிடும். தொடாவிட்டால், அந்த மரத்தடிப் பிள்ளைகள் நாளைக்கும் அதே சாம்பாரைச் சாப்பிடும். மூத்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இளையவர் ஒருவர் எழுத ஆரம்பித்தார். 'இல்' வரைக்கும் எழுதிவிட்டார்.

நான் இடது காதைத் தொட்டேன்.

ஐந்து பேரும் எழுதினார்கள். ஈயம் உண்டு. ஒருமனதாக.

அந்த வியாபாரிகளின் சரக்கைப் பிடித்தார்கள். சத்துணவுக்குப் புது மஞ்சள் வந்தது. பிள்ளைகளுக்கு மருந்தும் கொடுத்தார்கள். என் கடிதத்தைப் பற்றி அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. தொடு-தூண்டல் முறை நேரடிச் சோதனையிலும் துல்லியமாகச் செயல்படுவது உறுதியானதால், ஆசிரியையின் புகார் பணிச்சோர்வின் விளைவு எனக் கருதி முடித்துவைக்கப்படுகிறது. சோதனைக்கூடத்தில் நிகழ்ந்த தவறுக்குக் காரணம், அங்கே காதைத் தொடுவதற்குத் தகுதியான ஆள் இல்லாததே.

அதனால் அந்தப் பணியிடத்தை உருவாக்கி என்னையே போட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் மண்டியில் தன்ஷிகாவுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். குழாயைப் பார்க்க வேண்டும். ஈயம் இருந்தால் காதைத் தொட வேண்டும். சுவரில் ஒரு கேமரா. வாயால் எதுவும் விளக்கக் கூடாது. அது பழைய முறை.

கேமராவுக்கு வெளியே, தேநீர் இடைவேளையில், அவளிடம் எத்தனையோ முறை சொன்னேன். "குழாயைப் பாரு கண்ணு." "பாக்கறனுங்க டீச்சர்," என்பாள். பார்ப்பாள். பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். பத்தில் ஒன்பது முறை என் காதும் குழாயும் ஒன்றையேதான் சொல்லும்; மீதி ஒரு முறையும் அப்படித்தான். நான் சரியாக இருக்கும் வரைக்கும் அவள் எதற்குக் குழாயை நம்ப வேண்டும்? நான் உயிரோடு இருக்கும் வரைக்கும் இந்த மண்டியில் ஈயம் பிடிபடும். அதற்கப்புறம்?

ஒரு வெள்ளிக்கிழமை ராக்கியண்ணன் என்ற விவசாயி பதினோரு மூட்டையோடு வந்தார். தானே விளைத்து, தானே வேகவைத்து, காயவைத்து அரைத்த மஞ்சள். தன்ஷிகா நான்கு சொட்டு விட்டாள். குழாய் தண்ணீராகவே நின்றது. துளி நிறமில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் காதைத் தொட்டேன்.

இதை யோசித்துத்தான் செய்தேன். சிவப்பு முத்திரை விழும் முன்பு எப்படியும் நானே எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் அவள் பேனா 'ஈயம் உண்டு' என்று எழுதியபோது ராக்கியண்ணனின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. சிவப்பு முத்திரை விழுந்தால் எந்த மண்டியிலும் அந்த மூட்டைகளை இறக்க முடியாது.

"ஈயமுங்களா? என்ற காட்டு மஞ்சள்லயா?" அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, இன்னொருக்கா நல்லாப் பாரு சாமி. நான் அதுல ஒண்ணையும் போடலையே!"

தன்ஷிகா முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தாள். எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றினேன். அப்போது அவள் குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் குழாயை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"டீச்சர், கலர் வரலீங்களே?"

நான் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

இன்னும் நான்கு சொட்டு விட்டாள். குலுக்கினாள். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். "கலர் வரலீங்க டீச்சர்," என்றாள் இரண்டாவது முறை. குரலில் பயம் இருந்தது. மூன்றாவது முறை சொன்னபோது பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. "வரலீங்கறேன், நீங்க பாட்டுக்குக் காதைப் பிடிச்சிட்டே உக்காந்திருக்கறீங்க!"

எழுதியதை அடித்தாள். மேலே 'இல்லை' என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரைக் கட்டையை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

நான் கையைக் கீழே இறக்கினேன். தோள் வலித்தது. இருபத்தொன்பது வருட ஆசிரியர் வேலையில் ஒரு பிள்ளை என்னைத் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ராக்கியண்ணன் அதைப் பார்த்துப் பயந்து, "ஏனுங், டீச்சருக்கு ஒடம்புக்கு ஆகலீங்களா?" என்றார்.

எல்லாவற்றையும் சுவரில் இருந்த கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே எங்கள் இருவருக்கும் குறிப்பாணை வந்தது. தூண்டலுக்கும் விடைக்கும் இடையே விலகல் காணப்பட்டுள்ளது. தகவமைப்புப் பயிற்சிக்கு வர வேண்டும். ஈரோடு, அதே கல்யாண மண்டபம். ஐந்து நாள். மதிய உணவு உண்டு.

தன்ஷிகா அதை இரண்டு முறை படித்தாள். மடித்து, பழுதான கருவியின் உறைக்குள் செருகினாள்.

"நீங்க போயிட்டு வாங்க டீச்சர்," என்றாள். "நாளைக்குச் சரக்கு வருதுங்க. நான் பாத்துக்கறேன்."